நிலக்கடலையில் பூஞ்சாண நோய்: சேலம் செம்மண்ணில் முதல்முறை விதைப்பவர்களுக்கு

நிலக்கடலைக்கு வரும் பூஞ்சாண நோய் எதுவும் ஒரே இரவில் வருவதில்லை. இலையில் புள்ளி கண்ணுக்குத் தெரியும் அன்றைக்கு, அதற்கான வித்து (பூஞ்சாணம் பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்) இலையில் விழுந்து 10 முதல் 14 நாள் ஆகியிருக்கும். செடி வாடிச் சாயும் அன்றைக்கு, தண்டின் அடியில் பூஞ்சாணம் தன் வேலையை முடித்திருக்கும். அதனால் கடலைக்கு வைத்தியம் என்பது பெரும்பாலும் நாள் கணக்குதான். எந்த நோய் எங்கே தங்குகிறது, விதைத்த எத்தனையாவது நாளில் கிளம்புகிறது என்று தெரிந்தவர் இரண்டு தெளிப்பில் வெள்ளாமையைக் காப்பாற்றிவிடுவார். தெரியாதவர் இலை கொட்டின பிறகு மருந்துக்கடைக்குப் போய், கேட்டதையெல்லாம் வாங்கி அடித்து, கடைசியில் மொட்டைக் கொடியைத்தான் பிடுங்குவார்.

ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி, மேட்டூர், கொளத்தூர், வாழப்பாடி பக்கத்துச் செம்மண், சரளைக் காடுகளையும், சேர்வராயன் மலை அடிவாரத்து மானாவாரி நிலங்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. அளவுகள் எல்லாம் ஒரு ஏக்கருக்கு. விதைப்பருப்பு ஏக்கருக்கு 50 கிலோ, இடைவெளி வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற வழக்கமான கணக்கில் போட்டவை.

பட்டத்தைப் பொறுத்து நோய்

சேலம் மாவட்டத்தில் மழை அதிகம் கொட்டுவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலைக்கு 50, 60 நாள் ஆகும்போது புரட்டாசி வந்துவிடும். கொடி மூடி, வரிசைக்குள் காற்று நுழையாமல், இலை நனைந்தபடியே நிற்கும் காலம் அது. இலைப்புள்ளிப் பூஞ்சாணத்துக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமும், இலையில் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஈரமும் கிடைத்தால் போதும். புரட்டாசியில் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆகவே ஆடிப்பட்டக்காரர் முக்கியமாகப் பயப்பட வேண்டியது பின்பருவ இலைப்புள்ளிக்கும் துரு நோய்க்கும்.

மார்கழிப் பட்டத்து இறவைக் கடலையில் மழை இருக்காது. ஆனால் தை, மாசிப் பனி காலை ஒன்பது மணி வரை இலையில் நிற்கும். குளிர்ந்த ஈரம் துருவுக்குப் பிடித்தமானது. அந்தப் பட்டத்தில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. சித்திரைப் பட்டத்தில் கதை வேறு. சூடேறிய மண்ணில் முளைக்கும்போதே கழுத்தழுகல் வரும், பிறகு தண்ணீர் தட்டுப்பட்டால் வேரழுகல் வரும். இலை நோய் அப்போது சிறிய கவலைதான்.

இலை நோய்களைப் பிரித்துப் பார்ப்பது

டிக்கா என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு நோய். இரண்டுக்கும் பூஞ்சாணம் வேறு, வரும் காலமும் வேறு.

முன்பருவ இலைப்புள்ளி விதைத்த 30ஆம் நாள் வாக்கில் தரையை ஒட்டிய இலைகளில் தொடங்கும். புள்ளி செம்பழுப்பாக, ஓரம் சற்று ஒழுங்கற்று இருக்கும். பின்பருவ இலைப்புள்ளி 50, 55 நாளுக்கு மேல் வரும். புள்ளி வட்டமாக, இன்னும் கருப்பாக இருக்கும். மஞ்சள் வளையம் இருந்தால் முன்பருவம், இல்லாவிட்டால் பின்பருவம் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரகத்தைப் பொறுத்தும் வானிலையைப் பொறுத்தும் இரண்டிலும் வளையம் வரும், போகும். நிச்சயமான வழி, இலையைத் திருப்பிப் பார்ப்பது. பின்பருவப் புள்ளியின் அடிப்பக்கம் கரிய நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வித்துக் குவியல்கள் வளையம் வளையமாகத் தெரியும். முன்பருவப் புள்ளியின் அடிப்பக்கம் வெளிறிய பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். அது வித்துகளை இலையின் மேல்பக்கத்தில்தான் உண்டாக்குகிறது.

துருவுக்குக் கண்ணாடி தேவையில்லை. இலையின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் தோன்றும். விரலால் அழுத்தித் தேய்த்தால் செங்கல் நிறத்தில் பொடி ஒட்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இலைப்புள்ளி வந்த இலை உதிர்ந்துவிடும். துரு வந்த இலை காய்ந்து சுருங்கினாலும் செடியிலேயே தொங்கும். வரப்பில் நின்று பார்க்கும்போதே, தரையெல்லாம் இலை கிடந்தால் புள்ளி, இலை கருகித் தொங்கினால் துரு என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐப்பசியில் இரண்டும் ஒன்றாகவே வரும். இரண்டும் சேர்ந்து கவனிக்காமல் விட்டால் மகசூலில் பாதி போவது கடலையில் நன்றாகத் தெரிந்த விஷயம். கொடியை மாட்டுக்கு நம்பியிருப்பவருக்கு நட்டம் இன்னொரு பங்கு கூடும், ஏனென்றால் இலை இல்லாத கொடியில் தீவனச் சத்தும் இல்லை.

பூஞ்சாணம் இல்லாததற்கு மருந்து அடிக்காதீர்கள்

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பாயும் காடுகளிலும் அடிக்கடி வரும். அதற்கு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 10 கிராம் வீதம் தெளித்தால் போதும். இலை நுனி ஆங்கில வி எழுத்து வடிவில் மஞ்சளானால் தத்துப்பூச்சி. இலை சுருண்டு, உள்ளே புழு சுரண்டி, காடே கருகினதுபோல் தெரிந்தால் சுருள்பூச்சி. செடி ஒன்றிரண்டாக வாடினால் பிடுங்கிப் பாருங்கள். வேர் கடிபட்டிருந்தால் வேர்ப்புழு. இந்த நான்குக்கும் பூஞ்சாணக் கொல்லியால் ஒரு பயனும் இல்லை. ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம்.

மண்ணில் இருக்கும் மூன்று நோய்கள்

கழுத்தழுகல்: அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சாணத்தால் வருவது. வெங்காயத் தோலுக்கடியில் கரியாக ஒட்டியிருக்கிறதே, அதே இனம்தான். விதையிலும் இருக்கும், மண்ணிலும் இருக்கும். முளை மண்ணுக்குள்ளேயே அழுகும், அல்லது வெளியே வந்து முதல் மாதத்துக்குள் திடீரென்று சாயும். சாய்ந்த செடியின் கழுத்துப் பகுதி நார் நாராகக் கிழிந்து, மேலே கரிப்பொடி படிந்திருக்கும். விதைப்பருப்பின் தோல் உரிந்திருந்தாலோ, விதை 5 சென்டிமீட்டருக்குக் கீழே விழுந்திருந்தாலோ இது கூடும். ஆழத்தில் விழுந்த விதையின் முளைத்தண்டு வெளியே வர நாள் எடுக்கும். அந்த இளம் தண்டு சூடான மண்ணில் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனை நாளும் பூஞ்சாணத்துக்கு வாய்ப்பு. விதைப்பு ஆழம் 4 சென்டிமீட்டர் என்பதை விதைக்கும் ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தண்டழுகல்: ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி. கடலைக் காட்டின் பழைய எதிரி இது. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் காலத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகி வாடும். மண்ணை விலக்கினால் தண்டைச் சுற்றி வெள்ளை நூல் விசிறி விரித்திருக்கும். சில நாளில் அந்த நூலில் கடுகு போன்ற உருண்டைகள் உண்டாகும். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. இந்தக் கடுகுகள்தான் மண்ணில் மூன்று நான்கு ஆண்டுகள் உயிரோடு கிடந்து அடுத்த வெள்ளாமையைப் பிடிப்பவை. தக்காளி, கத்தரி, மிளகாய் உட்பட நூற்றுக்கணக்கான செடிகளில் இது பிழைக்கும். எனவே தக்காளிக்குப் பின் கடலை, கடலைக்குப் பின் கத்தரி என்று சுழற்றினால் நீங்களே அதற்குத் தொடர்ந்து தீனி போடுகிறீர்கள்.

வேரழுகல்: மேக்ரோஃபோமினா. வறண்ட சூட்டில் வரும். வேர்ப்பட்டை அழுகி உரியும், உள்ளே கரித்தூள் தூவினதுபோல் நுண்ணிய கருப்புப் புள்ளிகள் இருக்கும். எள், ஆமணக்கு, பருத்தி, பயறு வகைகளையும் இது தாக்கும். சோளத்தையும் மக்காச்சோளத்தையும்கூட விடாது. எனவே இந்த நோய்க்குப் பயிர்ச்சுழற்சியை மட்டும் நம்ப முடியாது. தொழு உரமும், காய் பிடிக்கும் காலத்தில் தண்ணீர் விட்டுப்போகாமல் பார்ப்பதும்தான் இதை அடக்கும்.

நிலம் தயாரிப்பு

கோடை மழை கிடைத்ததும் சட்டிக்கலப்பையால் ஆழ உழுங்கள். தண்டழுகல் கடுகுகள் மேல்மண்ணில் இருந்தால்தான் முளைக்கும். 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புரட்டித் தள்ளினால் காற்றில்லாமல் அடங்கிவிடும். இதைச் செய்துவிட்டு, விதைப்புக்கு முன் மறுபடியும் ஆழ உழக் கூடாது. புதைத்ததையே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். விதைப்பு உழவுக்குக் கொத்துக்கலப்பை போதும்.

மட்காத எரு வேண்டாம். வைக்கோல் துண்டு, சாணிக் கட்டி தெரிகிற அளவுக்குப் பச்சையாக இருக்கும் குப்பையைக் கொட்டினால், தண்டழுகல் பூஞ்சாணம் முதலில் அதில்தான் வளரும், அங்கிருந்து செடிக்குத் தாவும். நன்றாக மட்கிய தொழு உரம் 5 டன், வேப்பம் புண்ணாக்கு 60 முதல் 100 கிலோ அடியுரமாகப் போடலாம்.

டிரைக்கோடெர்மா (கெட்ட பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) போடுவதாக இருந்தால் விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், தண்ணீர் சொட்டாது என்கிற பதத்துக்கு நீர் தெளித்து, மர நிழலில் குவித்து ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். 10 முதல் 15 நாளில் பச்சைப் பூஞ்சாணம் படர்ந்திருக்கும். அதைக் கடைசி உழவில் தூவலாம், அல்லது 30ஆம் நாள் களையெடுப்பின்போது ஈரமண்ணில் செடியோரமாகப் போடலாம். வெயிலில் காய்ந்த தரையில் தூவினால் செலவுதான் மிச்சம். பொட்டலம் வாங்கும்போது காலாவதி நாளைக் கட்டாயம் பாருங்கள். இது உயிருள்ள பொருள். கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஆறு மாதம் வெந்து கிடந்த பொட்டலத்தில் வெறும் மாவுதான் இருக்கும். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்து, சமீபத்தில் வந்த சரக்கை வாங்குவது நல்லது.

விதைத் தேர்வும் விதை நேர்த்தியும்

டி.எம்.வி. 2, ஜே.எல். 24 போன்ற பழைய இரகங்கள் இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் எளிதில் ஆட்படுபவை. ஆராய்ச்சி நிலையங்களே அவற்றை நோயின் அளவு பார்க்கும் ஒப்பீட்டு இரகங்களாக வைத்திருக்கின்றன. தார்வாட்டில் உருவான ஜி.பி.பி.டி. 4 துருவையும் பின்பருவப் புள்ளியையும் நன்றாகத் தாங்கும். அந்தத் தாங்கும் குணம் ஒரு காட்டுக் கடலை இனத்திலிருந்து வந்தது. ஆடிப்பட்டத்துக்கு எந்த இரகம் என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கேட்கும்போது ‘மகசூல் எவ்வளவு’ என்பதோடு நிறுத்தாமல், ‘புரட்டாசி மழையில் இலை நிற்குமா’ என்றும் கேளுங்கள்.

காயாக வைத்திருந்து, விதைப்புக்கு ஒரு வாரத்துக்குள் கையால் உடைப்பது சிறந்தது. இயந்திரத்தில் உடைத்தால் தோல் கீறும். கீறின பருப்பு, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுங்கள். பிறகு இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உயிரியல் வழி: 50 கிலோ பருப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம் (கிலோவுக்கு 4 கிராம்), அல்லது சூடோமோனாஸ் என்ற நோய் அடக்கும் பாக்டீரியாத் தூள் 500 கிராம் (கிலோவுக்கு 10 கிராம்). அதன் மேல் ரைசோபியம் என்ற தழைச்சத்து தரும் பாக்டீரியா உரம் 200 கிராம் பொட்டலம் ஒன்று, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து. நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

இரசாயன வழி: முன்பு கழுத்தழுகல் கண்ட காட்டுக்கும், சித்திரைப் பட்டத்துக்கும் இதுவே பாதுகாப்பு. கார்பாக்சின், திரம் சேர்ந்த தூள் கிலோவுக்கு 3 கிராம், அதாவது 150 கிராம். அல்லது டெபுகோனசோல் 2 சத விதைநேர்த்தித் தூள் கிலோவுக்கு 1.5 கிராம், அதாவது 75 கிராம். ரைசோபியமும் சேர்ப்பதென்றால் மருந்து நேர்த்தி செய்து 24 மணி நேரம் கழித்து, விதைக்கப் போகும் முன் சேருங்கள். டிரைக்கோடெர்மாவையும் பூஞ்சாணக் கொல்லியையும் ஒரே விதையில் போடக் கூடாது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், கெட்டதைக் கொல்லும் மருந்து அதையும் கொல்லும்.

கலக்கும் முறையில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். 50 கிலோவையும் தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் தோல் உரிந்து, எதற்காக நேர்த்தி செய்கிறோமோ அந்த நோய்க்கே வழிவிட்டதாகும். ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து, தடித்த பாலித்தீன் பையில் போட்டு, சில மில்லி தண்ணீர் தெளித்து மருந்தைத் தூவி, பைக்குள் காற்றுப் பிடித்து வாயை மூடி மெதுவாக உருட்டுங்கள். எல்லாப் பருப்பிலும் ஒரே நிறம் ஏறினதும் நிறுத்துங்கள். கையுறை கட்டாயம். மிஞ்சின விதையைக் கோழிக்குப் போடாதீர்கள், வறுத்துத் தின்னவும் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மூன்று வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு அல்லது சோளம் ஊடுபயிராகப் போட்டால் பின்பருவ இலைப்புள்ளியின் கடுமை குறைகிறது. வித்துகள் காற்றிலும் மழைத்துளியிலும் பரவுவதை இந்த உயரமான வரிசை தடுக்கிறது.

விதைத்த பிறகு

முதல் 30 நாள்: வாரம் ஒருமுறை காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். கழுத்தழுகலில் சாய்ந்த செடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் எறிந்தால் அடுத்த மழைத்தண்ணீர் திரும்ப உள்ளே கொண்டுவரும். செடி முளைக்காத போக்கிடத்தை முதல் ஒரு வாரத்துக்குள் நிரப்பிவிடுங்கள். பிந்தி நிரப்பினால் செடி எழும்பாது.

40 முதல் 45 நாள்: ஜிப்சம் 160 கிலோ போட்டு மண் அணைக்கும் காலம். சுண்ணாம்புச் சத்து காயின் ஓட்டை வலுப்படுத்தும், காய் அழுகலைக் குறைக்கும். மண் அணைப்பில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. விழுது இறங்க மண் வேண்டும். ஆனால் தண்டின் மேலும் கீழ் இலைகளின் மேலும் மண்ணை ஏற்றி மூடினால், தண்டழுகல் பூஞ்சாணத்துக்கு ஈரமான மறைவிடம் கிடைக்கிறது, புதைந்த இலைகளே அதற்கு உணவாகின்றன. முன்பு தண்டழுகல் கண்ட காட்டில், மண்ணைப் பக்கவாட்டில் லேசாக அணைத்து, செடியின் நடுத்தூர் மூடாமல் விடச் சொல்லுங்கள். 45 நாளுக்குப் பிறகு கொத்தே போடாதீர்கள். விழுது அறுந்தால் காய் இல்லை, அறுந்த காயத்தில் பூஞ்சாணமும் ஏறும்.

தண்ணீர் பாய்ச்சும் நேரமும் முக்கியம். மழைத்தூவான் வைத்திருப்பவர்கள் காலையில் ஓட்டுங்கள், மதியத்துக்குள் இலை காய்ந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு ஓட்டினால் விடியும் வரை இலை நனைந்தே கிடக்கும். பூஞ்சாணத்துக்கு வேண்டிய பத்து பன்னிரண்டு மணி நேர ஈரத்தை உங்கள் கையாலேயே கொடுத்தது போலாகும்.

எப்போது, எதை அடிப்பது

30ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை காட்டில் ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளின் அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வரப்போரத்தை விட்டு உள்ளே போய்ப் பாருங்கள், ஓரச் செடியில் காற்றோட்டம் அதிகம், நோய் குறைவாகத்தான் தெரியும். ஐம்பதில் ஐந்து செடியில் புள்ளி கண்டால் தெளிப்புக்குத் தயாராகலாம். மழைமேகம் சூழ்ந்து இரண்டு மூன்று நாள் தூறினால் அந்த ஐந்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆடிப்பட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 35ஆம் நாளில் முன்பருவப் புள்ளி தெரிந்தால் மட்டும் மேங்கோசெப் 400 கிராம். தெரியாவிட்டால் பணத்தை அடுத்த தெளிப்புக்கு வையுங்கள். 50ஆம் நாள் தெளிப்பைத் தவறவிடவே கூடாது. அதற்கு டெபுகோனசோல் 25.9 சத மருந்து 200 முதல் 300 மில்லி. இது இலைக்குள் ஊடுருவும், புள்ளியையும் துருவையும் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் தெளித்த பிறகு அறுவடை வரை நீண்ட நாள் விட வேண்டும் என்பதால் இதைப் பிந்தி அடிக்கக் கூடாது. 65ஆம் நாளில் குளோரோதலோனில் 400 கிராம் அல்லது மேங்கோசெப் 400 கிராம். மழை விடாமல் இருந்தால் மட்டும் 15 நாள் கழித்து இன்னொரு முறை. 90 நாளுக்கு மேல் அடிப்பதில் மகசூல் கூடாது, கொடியிலும் பருப்பிலும் மருந்துதான் தங்கும்.

கார்பென்டாசிம் 200 கிராமும் இலைப்புள்ளிக்குப் பரிந்துரையில் உண்டு. அதைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் பழகிவிடும். துருவுக்கு அது உதவாது. ஒரு பருவத்தில் ஒருமுறைக்கு மேல் அதைத் தொடாதீர்கள்.

இயற்கை வழியில் போகிறவர்கள் 10 சத எருக்கிலைச் சாறு தெளிக்கலாம். 20 கிலோ எருக்கிலையை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்குங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, கண்ணாடி அணிந்துதான் இடிக்க வேண்டும். அல்லது 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, 200 லிட்டருக்கு 10 கிலோ கொட்டைப் பருப்பு. இவை நோய் வரும் முன்பும் புள்ளி தொடங்கின உடனும் பயன் தரும். காடு பாதி பழுத்த பிறகு இவற்றால் ஒன்றும் ஆகாது.

தெளிக்கும் விதம்

கொடி மூடின ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வேண்டும். 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். ஒரு டேங்குக்கு மேங்கோசெப் அல்லது குளோரோதலோனில் 32 கிராம், டெபுகோனசோல் 16 முதல் 24 மில்லி, கார்பென்டாசிம் 16 கிராம். ஆள் கூலிக்குப் பயந்து ஆறு டேங்கிலேயே ஏக்கரை முடித்துவிட்டு ‘மருந்து பிடிக்கவில்லை’ என்பது ஊரெங்கும் கேட்கும் பேச்சு. டேங்குக்கு அதே அளவு மருந்து போட்டு ஆறு டேங்க் அடித்தால் காட்டுக்குப் போனது பாதி மருந்துதான். அதுவும் மேல் இலையோடு நின்றிருக்கும்.

தூளை நேரடியாக டேங்கில் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லி சேருங்கள். கடலை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளும். நாசிலைச் சற்றுத் தாழ்த்தி, கீழிருந்து மேலாகச் சாய்த்துப் பிடியுங்கள். பின்பருவப் புள்ளியும் துருவும் வித்துவிடுவது இலையின் அடிப்பக்கத்தில். கலந்த மருந்தை அன்றே முடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறின மேங்கோசெப் காலையில் வீரியம் இழந்திருக்கும். பனி காய்ந்த பிறகு, காற்று எழும் முன் அடிப்பது சரி. நான்கு மணி நேரத்துக்குள் பெருமழை பெய்து மேங்கோசெப்பைக் கழுவிவிட்டால், நிலம் காய்ந்ததும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அடித்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்து ‘புள்ளி அப்படியே இருக்கிறதே’ என்று கலங்க வேண்டாம். வந்த புள்ளி எந்த மருந்திலும் மறையாது. இரண்டு வாரம் கழித்து உச்சி இலைகளைப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

தண்டழுகலுக்கு இடம் பார்த்து ஊற்றுவது

தண்டழுகல் காடு முழுக்க ஒரே நேரத்தில் வராது. ஒரு செடியில் தொடங்கி, வரிசையோடு பக்கத்துச் செடிக்குப் போகும். வாடிய செடியை, கடுகு சிதறாமல், சுற்று மண்ணோடு தோண்டிப் பையில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். குழியிலும், சுற்றியுள்ள இரண்டு மூன்று அடி வட்டத்தில் நிற்கும் நல்ல செடிகளின் தூரிலும் டெபுகோனசோல் லிட்டருக்கு 1.5 மில்லி கலந்து தூர் நனைய ஊற்றுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பூஞ்சாணத்துக்குக் கார்பென்டாசிம் ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஸ்கிளிரோஷியம் அதற்கு அசையாது. மாறாக, மண்ணில் அதோடு போட்டியிடும் டிரைக்கோடெர்மாவை அது அழித்து, நோயைக் கூட்டவும் செய்யும். கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் ஊற்ற வேண்டியது, வெள்ளை நூல் இல்லாமல் பட்டை உரிந்து கருத்த வேரழுகலுக்கு. பிடுங்கிப் பார்க்காமல் ஊற்றினால் இந்தக் குழப்பம் வரும். மருந்து ஊற்றின இடத்தில் இரண்டு வாரத்துக்கு டிரைக்கோடெர்மா போடாதீர்கள்.

அறுவடையும் உலர்த்தலும்

பத்துப் பதினைந்து செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். முக்கால்வாசிக் காயின் உள்ஓடு கருத்திருந்தால் அறுவடை. இலைப்புள்ளியில் கொடி மொட்டையான காட்டில் நாள் கணக்குக்காகக் காத்திருக்காதீர்கள். காம்பு இற்றுப்போய்க் காயெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும்.

கடைசி மாதம் வறட்சியில் கிடந்த கடலையிலும், புழு துளைத்த, கொத்துப்பட்ட காயிலும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைப் பூஞ்சாணம் ஏறும். அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின், கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், மாடு தின்றால் பாலில் வரும். இலை நோயால் உங்களுக்கு நட்டம், இந்த நோயால் தின்பவருக்குக் கேடு. ஆகவே இதில் சமரசம் வேண்டாம்.

பிடுங்கிய செடியைக் காய் மேலாகத் திருப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, காயைப் பறித்து, தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி ஈரம் 8 சதவீதத்துக்கு வரும் வரை உலர்த்துங்கள். காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். துளைபட்டது, உடைந்தது, முளைவிட்டது எல்லாம் தனியாகப் போகட்டும், நல்லதோடு கலக்க வேண்டாம். உடைப்பதற்கு எளிதாக இருக்கும் என்று காய் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில களங்களில் உண்டு. அந்த ஈரம் ஒன்றே மூட்டை முழுக்கப் பூஞ்சாணம் பிடிக்கப் போதும். மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். விதைக்கு வைப்பதை நோய் காணாத பகுதியிலிருந்து அறுவடையின்போதே பிரித்து, காயாகவே வையுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு அந்தக் காட்டில் ராகியோ கம்போ போடுங்கள். இலைப்புள்ளிப் பூஞ்சாணம் உதிர்ந்த இலைச் சருகில் தங்கும், அதை உழுது மடக்கிவிடலாம். துரு அப்படியில்லை. சருகில் அதன் வித்து அதிக நாள் பிழைக்காது, உயிருள்ள கடலைச் செடிதான் அதற்கு வேண்டும். அறுவடையில் மண்ணில் விட்டுப்போன காய்கள் அடுத்த மழைக்குத் தானாக முளைத்து நிற்கும். அவை பச்சையாக இருக்கும்வரை துருவும் அங்கேயே இருக்கும். காட்டிலும், களத்து மேட்டிலும், வரப்பிலும் அவற்றைக் கண்ட இடத்தில் பிடுங்கிப் போடுங்கள்.